அந்தமானுக்கு ஸ்கூபா சாமான்: சக்கரப் பையா, டஃபிளா, வீட்டுப் பெட்டியா?

சொந்தமாக ஸ்கூபா சாமான் சேர்க்க ஆரம்பித்தபோது நான் முதலில் வாங்கியது பை. மாப்பிள்ளைக்கு முன்னால் மண்டபம் பார்த்த கதைதான். இணையத்தில் அமெரிக்கர்கள் வாய் ஓயாமல் புகழ்ந்த பெரிய சக்கரப் பை அது. நூறு லிட்டருக்கு மேல் கொள்ளும். ஃபின்ஸுக்கு (காலில் மாட்டும் துடுப்பு) இரண்டு பக்கமும் தனி அறை, ரெகுலேட்டருக்கு (சிலிண்டரிலிருந்து மூச்சுக்காற்று தரும் கருவி) மெத்தை வைத்த அறை, ஈரத்துணிக்கு ஓர் அறை. அந்தமான் போக அதைச் சென்னை விமான நிலையத் தராசில் ஏற்றினேன். 17.8 கிலோ என்று காட்டியது. டிக்கெட்டில் இருந்தது 15. கவுண்டர் ஓரமாகத் தரையில் உட்கார்ந்து, தேனிலவுக்குக் கிளம்பிய ஜோடிகள் வேடிக்கை பார்க்க, நியோப்ரீன் பூட்ஸையும் துணிகளையும் வெளியே எடுத்துக்கொண்டிருந்தேன்.

அமெரிக்கர்கள் பொய் சொல்லவில்லை. நீண்ட தூரப் பன்னாட்டு விமானங்களில் பெரும்பாலும் ஒரு பெட்டிக்கு 23 கிலோ கணக்கு. அங்கே பை நாலரை கிலோ இருந்தாலும் உறுத்தாது. நம் உள்நாட்டு விமானங்களில் சாதாரண டிக்கெட்டுக்குப் பெரும்பாலும் செக்-இன் 15 கிலோ, கேபின் 7 கிலோ. அதனால் இந்த ஒப்பீட்டில் நான் முதலில் பார்ப்பது வெறும் பையின் எடையைத்தான். கடையில் வாங்கும்போது காலிப்பையைக் கொக்கித் தராசில் மாட்டிப் பார்த்தாலே பாதி முடிவு தெரிந்துவிடும்.

என் சாமான் கணக்கு இது: பிசிடி (காற்று நிரப்பி மிதப்பைக் கட்டுப்படுத்தும் அங்கி) மூன்றரை கிலோ, ஃபின்ஸும் பூட்ஸும் இரண்டரை, 3 மில்லிமீட்டர் வெட்சூட் (குளிர் தாங்கும் ரப்பர் உடை) ஒன்றரை, ஸ்நார்கல், டார்ச், மிதவை, ரீல் என்று சில்லறை ஒன்றரை. மொத்தம் ஒன்பது. மாற்றுத்துணி, செருப்பு, சோப்பு எல்லாம் மூன்று. ஆக 12. சக்கரப் பையின் நாலரையைக் கூட்டினால் 16.5, ஒன்றரை கிலோ டஃபிள் பையை (சக்கரமில்லாத, நீள உருளை வடிவத் துணிப்பை) கூட்டினால் 13.5. ஒன்று கூடுதல் கட்டணம், இன்னொன்று ஒன்றரை கிலோ மிச்சம்.

அந்த மிச்சம் திரும்பி வரும்போது கரைந்துவிடும், ஏனென்றால் வெட்சூட் முழுசாகக் காயாது. பிசிடிக்குள் அரை லிட்டர் தண்ணீர் தங்கினாலே அரை கிலோ. இதற்கு ஒரு நல்ல ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது. பல நாள் தொடர்ந்து டைவ் செய்தால் விமானம் ஏறும் முன் 18 மணி நேரமாவது இடைவெளி விட வேண்டும் என்பது டைவர்களின் பாதுகாப்புக்கான அமைப்பான டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க்கின் பரிந்துரை. டைவில் உடம்பில் சேர்ந்த நைட்ரஜன் வெளியேறத்தான் அந்த நேரம், ஆனால் கொடியில் தொங்கும் வெட்சூட்டும் அதே நேரத்தில் ஓரளவு காய்ந்துவிடும். பிசிடியைத் தலைகீழாகப் பிடித்து, வால்வை அமுக்கி, கடைசிச் சொட்டு வரை வடித்துவிடுங்கள்.

சக்கரப் பையும் டஃபிளும்

சக்கரத்துக்கு ஒரே ஒரு இடத்தில் மரியாதை: விமான நிலையத்தின் வழுவழுத் தரை. அங்கேதான் தள்ளுவண்டி சும்மா கிடைக்கிறதே! அதற்கப்புறம் போர்ட் பிளேரில் டாக்சி, படகுத்துறை, ஹேவ்லாக் தீவுக்குப் போகும் கப்பலில் ஏற்றி இறக்கும் தள்ளுமுள்ளு, அந்தப் பக்கம் ஆட்டோ, கடைசியில் மணல். (போர்ட் பிளேர் 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம், ஹேவ்லாக் 2018 முதல் ஸ்வராஜ் த்வீப். டைவர்கள் வாயில் இன்னும் பழைய பெயர்தான்.) மணலில் சக்கரம் உருளாது, உழும். இழுப்புக் கைப்பிடிக்குள் மணல் புகுந்தால் பாதியில் சிக்கிக்கொள்ளும். உப்புக்காற்று பட்டால் சக்கரத்தின் பேரிங் துருப்பிடித்துக் கீச்சிடும். என்னுடையது மூன்றாவது பயணத்திலேயே பாட ஆரம்பித்துவிட்டது.

டஃபிளில் தோள்பட்டை வார் வைத்தது வாங்குங்கள். முதுகில் ஏற்றிக்கொண்டால் இரண்டு கையும் காலி, படகில் ஏற நிம்மதி. 90 லிட்டர் போதும். அதில் ஒரு குறை உண்டு, அது சின்னக் குறையும் அல்ல. உடம்பு இல்லாத பை அது. அடுக்கும் விதத்தில் நாம்தான் உடம்பு கொடுக்க வேண்டும். ஃபின்ஸை இரண்டு பக்கச் சுவராக நிறுத்தி, பிசிடியின் முதுகுப்பலகையை அடியில் போட்டு, வெட்சூட்டை மெத்தை போல மேலே விரித்தால் நடுவில் ஒரு பத்திரமான குழி கிடைக்கும். டார்ச்சும் சில்லறைகளும் அங்கே. ஃபின்ஸின் பாதம் நுழையும் குழிக்குள் சாக்ஸைத் திணித்துவிடுங்கள், அதுவும் இடம்தானே.

தார்ப்பாய் போன்ற துணியில் வரும் டஃபிள்கள் மழைக்கு அசைந்து கொடுக்காது. ஆனால் வெளித்தண்ணீரை உள்ளே விடாதது உள்தண்ணீரையும் வெளியே விடாது. ஈர வெட்சூட்டோடு ஒரு நாள் மூடி வைத்துத் திறந்தால் காசிமேடு காலை ஐந்து மணி வாடை. அடியில் வடிகண் இருக்கிறதா என்று பாருங்கள். ஜிப் பிளாஸ்டிக்காக இருக்கட்டும். உலோக ஜிப் உப்பில் பச்சை பூத்து இறுகிவிடும்.

வீட்டில் இருக்கும் பெட்டி

புதிதாக எதற்குப் பை, அலமாரி மேல் இருக்கும் பாலிகார்பனேட் டிராலி போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. பாதி நியாயம். 28 அங்குலப் பெட்டியில் சாதாரண ஃபின்ஸ் படுத்துவிடும். டைவ் கம்பெனி முத்திரை எதுவும் இல்லாததால் உள்ளே விலை உயர்ந்த சாமான் இருக்கிறது என்று யாருக்கும் தோன்றாது. இது சின்ன விஷயமில்லை. ஆனால் எடை நாலு கிலோவைத் தொடும். சரிபாதியாகப் பிளந்து திறக்கும் பெட்டி என்பதால் ஒவ்வொரு பாதியும் ஆழமில்லாத தாம்பாளம், பிசிடியை அமுக்கி மூட இரண்டு பேர் வேண்டும். இழுத்துக்கொண்டு கடலோரம் போகவும் முடியாது. சொந்தமாகப் பிசிடி இல்லாதவர்களுக்கு இது சரிப்படும்.

வலைப்பை ஒரு கிலோகூட இருக்காது, விலையும் குறைவு. தனியாகச் செக்-இன் போட்டால் கன்வேயரில் வார் சிக்கிக் கிழியும், உள்ளே இருப்பதெல்லாம் ஊருக்கே தெரியும். டஃபிளுக்குள் மடித்து வைத்துக்கொண்டு போய், அங்கே படகுக்குப் பயன்படுத்துங்கள்.

கேபின் அளவில் பெலிகன் 1510 போன்ற கெட்டிப்பெட்டி மேல் ஆசைப்படுகிறவர்கள் அதன் காலி எடையைப் பார்க்கட்டும்: உள்ளே ஃபோம் இல்லாமலே 5.4 கிலோ. ஏழில் மிச்சம் 1.6. கேமரா ஹவுசிங் (தண்ணீர் புகாத கேமராக் கூடு) வைத்திருப்பவர்கள் அந்த வலியோடு வாழக் கற்றுக்கொண்டவர்கள்.

கேபினுக்கு நான் எடுப்பது மெல்லிய முதுகுப்பை. ரெகுலேட்டர் மூன்று கிலோ, மாஸ்க், டைவ் கம்ப்யூட்டர் (ஆழமும் நேரமும் காட்டும் கருவி), பவர் பேங்க், டார்ச்சின் உதிரி லித்தியம் பேட்டரிகள். இந்த உதிரிகளையும் பவர் பேங்கையும் செக்-இன் பையில் போடக் கூடாது. பெரிய டைவ் லைட் என்றால் பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு, விமான நிறுவனத்திடம் முன்பே சொல்லிவிடுங்கள். கத்திக்கு நேர்மாறான விதி, அது செக்-இன்னில் மட்டும். எக்ஸ்ரேயில் ரெகுலேட்டரின் குழாய்கள் குடல் போலத் தெரியும். பாதுகாப்புக்காரர் பையைத் திறக்கச் சொன்னால் முகம் சுளிக்காமல், 'சார், தண்ணிக்குள்ள மூச்சு விடற மெஷின்' என்று சொல்லி வாயில் வைத்துக் காட்டினால் சிரித்துவிட்டு அனுப்புவார்.

சக்கரப் பைக்கும் காலம் வரும். செங்கடலுக்கோ இந்தோனேசியாவுக்கோ 23 கிலோ டிக்கெட்டில், இரண்டு விமானம் மாறிப் போகும்போது அது தோளைக் காப்பாற்றும். ஆனால் படகிலேயே தங்கி டைவ் செய்யும் பயணமென்றால் அதை வைக்கக் கட்டிலடியில் இடம் இருக்காது, சுருட்டி மடிக்கும் டஃபிளே வசதி. மாலத்தீவில் கடல்விமானம் ஏறுவதானால் டிரான்ஸ் மால்டிவியன் விமான நிறுவனத்தில் 20 கிலோவும் கைப்பை 5 கிலோவும்தான். மாலே வரை எத்தனை கிலோ டிக்கெட் வாங்கியிருந்தாலும் அங்கே மறுபடி தராசு.

இன்னொரு போட்டியாளரும் உண்டு: பையே வாங்காமல் இருப்பது. ஹேவ்லாக்கில் டைவ் கட்டணத்திலேயே பெரும்பாலும் சாமானும் அடங்கும். சிலிண்டரும் ஈயக்கட்டியும் எப்படியும் அவர்களுடையதுதான். வருடத்துக்கு நாலு டைவ் போடுகிறவர் மாஸ்க்கும் கம்ப்யூட்டரும் மட்டும் கேபினில் கொண்டுபோனால் போதும். மூக்குக்கண்ணாடி பவர் வைத்த மாஸ்க் உங்கள் அளவுக்கு வாடகையில் கிடைப்பது அதிர்ஷ்டம், அதை மட்டும் மறக்காதீர்கள்.

என் சக்கரப் பை இப்போது பரணில் இருக்கிறது. ரெகுலேட்டருக்கு என்று மெத்தை வைத்த அறையில் கொலு தசாவதார செட் கச்சிதமாக உட்காருகிறது என்று அம்மா சொல்கிறார்.