சொந்த போட்டா, வாடகை போட்டா: மூணு வருஷம் வச்சுப் பார்த்துட்டு எழுதுறேன்

கடல்ல தூண்டில் போடப் போற எல்லாருக்கும் ஒரு கட்டத்துல இந்த ஆசை வரும். மீனவர் போட்டுல நாலஞ்சு தடவை போய் ஒரு நல்ல வஞ்சரத்தை இழுத்துப் போட்டுட்டோம்னா அடுத்த வாரமே ஃபைபர் போட் என்ன விலைன்னு விசாரிக்க ஆரம்பிச்சிடுவோம். நானும் ரெண்டு ஃப்ரெண்ட்ஸும் அப்படித்தான் 2021ல சேர்ந்து ஒண்ணு வாங்கினோம், 24 அடி ஃபைபர், 40 ஹெச்பி டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு (போட்டுக்குப் பின்னாடி வெளில மாட்டுற இன்ஜின்), ரெண்டுமே செகண்ட் ஹேண்ட், 3 லட்சத்து 60 ஆயிரம் ஆச்சு. 2024ல வித்துட்டோம். இப்போ மறுபடியும் வாடகை போட்டுலதான் போறோம். வாங்கலாமான்னு கேக்குறவங்களுக்கு ஒவ்வொரு தடவையும் தனித்தனியா சொல்லிட்டிருக்கேன், அதான் மொத்தமா எழுதிடலாம்னு.

முதல்லயே சொல்லிடுறேன், நான் வாடகை பக்கம். ஆனா சொந்த போட்டுல இருக்குற சுகம் எனக்கு நல்லாவே தெரியும், அதை மறைக்க மாட்டேன்.

சொந்த போட்ல என்ன நல்லதுன்னா, முன்பக்கம் முழுக்க காலியா இருக்கும். பாப்பர் (தண்ணி மேல சத்தம் போட்டு வர்ற செயற்கை இரை) வீசுறவங்களுக்கு இது எவ்ளோ பெரிய விஷயம்னு தெரியும். வாடகை போட்டுல வலையும் மிதவையும் கயிறும் கெடக்கும், ராடை பின்னாடி கொண்டுபோய் வீசுறப்போ கொக்கி வலைல மாட்டிக்கும், அப்புறம் அதை எடுக்கவே கால் மணி நேரம் போயிடும். சொந்தத்துல ராட் ஹோல்டர் நமக்கு வேணுங்கிற இடத்துல வச்சுக்கலாம், சவுண்டர் (கடலடி ஆழத்தைக் காட்டுற கருவி) மாட்டிக்கலாம், ஒரு பார் (கடலுக்கு அடில இருக்குற பாறை மேடு) மேல பாறை மீன் கூட்டம் நிக்குதுன்னா வெயில் உச்சிக்கு வர்ற வரைக்கும் அங்கேயே சுத்திட்டு இருக்கலாம், யாரும் "போலாமா தம்பி"ன்னு கேக்க மாட்டாங்க. பிடிச்ச மீனைத் திரும்ப விடணும்னாலும் விட்டுக்கலாம். வாடகை போட்டுல ஒரு எட்டு கிலோ பாறையைத் தண்ணில விட்டா அந்த அண்ணன் முகம் எப்படிப் போகும்னு பார்த்திருக்கேன், அவர் மேல தப்பே இல்ல, அவருக்கு அது ஒரு நாள் வருமானம்.

வாடகைல இருக்குற கஷ்டமும் இருக்கு. நிறைய போட்டுல டீசல் லாங்டெயில் இன்ஜின்தான் (நீளத் தண்டு முனைல புரொப்பெல்லர் இருக்குறது) இருக்கும், ஆட்டமும் சத்தமும் புகையும் ஒத்துக்காதவங்களுக்கு அரை மணி நேரத்துல தலை சுத்தும். ட்ரோலிங்குக்கு (போட்டை ஓட்டிக்கிட்டே தூண்டிலைப் பின்னாடி இழுக்குறது) அந்த வேகம் போதும், ஆனா தூரமா இருக்குற பாருக்குப் போய்ச் சேரவே காலைப்பொழுது பாதி போயிடும். அதனால புக் பண்றப்பவே அவுட்போர்டா லாங்டெயிலான்னு கேட்டுடணும். லைஃப் ஜாக்கெட் நம்மளே எடுத்துட்டுப் போயிடணும், அங்க இருக்கும்னு நம்பிப் போகாதீங்க. ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் தடைக்காலம் 61 நாள் விசைப்படகுங்க எல்லாம் ஹார்பர்ல நிக்கும், நாட்டுப்படகுக்கும் ஃபைபர் போட்டுக்கும் தடை இல்ல, அப்போ அவங்க கொண்டு வர்ற மீனுக்கு நல்ல விலை கிடைக்கும், அந்த நேரத்துல நமக்காக ஒரு நாளை விட்டுக் கொடுக்குறது கஷ்டம், கொடுத்தாலும் ரேட் ஏறும். ஊர்ல ஒரு சாவுன்னா யாரும் கடலுக்குப் போக மாட்டாங்க, நம்ம புக்கிங்கும் கேன்சல்தான், அதுல வருத்தப்பட ஒண்ணும் இல்ல.

இதெல்லாம் ரெண்டு தடவை போனவங்களுக்கே தெரியும். நான் சொல்ல வந்தது பராமரிப்பு. எங்க முடிவை மாத்தினது அது ஒண்ணுதான்.

வாங்குறதுக்கு முன்னாடி நாங்க போட்ட கணக்கு என்னன்னா, மீனவர்ங்க இதே மாதிரி இன்ஜினை வருஷக்கணக்கா ஓட்டுறாங்க, நமக்கென்ன, மாசத்துக்கு ஒரு தடவை ரெண்டு தடவைதானே போறோம், அவ்ளோ சீக்கிரம் தேயாதுன்னு. இந்த கணக்கு தலைகீழ். அவர் இன்ஜின் தினமும் ஓடுது, அதான் நல்லா இருக்கு. நம்மளுது நிக்குது, அதான் கெடுது. அவுட்போர்டு கடல் தண்ணியை உறிஞ்சித்தான் தன்னைக் குளிர வச்சுக்குது. கரைக்கு வந்து நிறுத்தினதும் உள்ள இருக்குற சின்னச் சின்ன வழில தங்குன தண்ணி காய்ஞ்சு உப்பா படியும். மறுநாள் காலைல ஓட்டினா அந்த உப்பு பெரும்பாலும் கரைஞ்சு போயிடும், மூணு வாரம் விட்டா கெட்டியாகி ஒட்டிக்கும். அதுக்கு மேல அடுத்த ட்ரிப்போட உப்பு. இப்படியே போனா பக்கவாட்டுல சொர்ருன்னு அடிக்கிற தண்ணி நூல் மாதிரி மெலிஞ்சு வரும், அப்போதான் நமக்கே தெரியும்.

அதனால ஒவ்வொரு ட்ரிப் முடிஞ்சதும் நல்ல தண்ணில ஓட்டிக் கழுவணும். 200 லிட்டர் டிரம்ல தண்ணி ரொப்பி இன்ஜினோட காலை அதுக்குள்ள இறக்கி பத்து பதினஞ்சு நிமிஷம் ஓடவிடணும். கேக்க ஈஸியா இருக்கு. விடியக்காலை மூணு மணிக்கு எழுந்து, வெயில்ல எட்டு மணி நேரம் கெடந்துட்டு, மீனை ஐஸ்ல போட்டுட்டு, வீட்டுக்குப் போனா போதும்னு இருக்குறப்போ இதைச் செய்யணும். இன்னொண்ணு யாரும் சொல்லவே இல்ல, சென்னை கோவளம் பக்கம் நாங்க இன்ஜின் வச்சிருந்த இடத்துல போர் தண்ணியே உப்பு. முதல் ஆறு மாசம் அந்தத் தண்ணிலதான் கழுவிட்டு இருந்தோம், நல்லா கழுவுறோம்னு நெனச்சுக்கிட்டு. மெக்கானிக் டிரம்ல விரலை விட்டு நாக்குல வச்சுப் பார்த்துட்டு "தம்பி, உப்பைக் கழுவ உப்புத் தண்ணியா"ன்னு கேட்டார். அதுக்கப்புறம் தண்ணியும் காசு கொடுத்து வாங்கினோம்.

அடுத்தது பெட்ரோல். இப்போ பங்க்ல வர்ற பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால், நாங்க வச்சிருந்தப்போ பெரும்பாலும் 10 சதவீதம்தான். எத்தனால் காத்துல இருக்குற ஈரத்தை இழுக்கும், கடற்கரைக் காத்துல ஈரத்துக்கு என்ன குறை. டேங்க்ல ரொம்ப நாள் விட்டா ஒரு அளவுக்கு மேல தண்ணியும் எத்தனாலும் சேர்ந்து பிரிஞ்சு அடில போய் உக்காந்துடும், இன்ஜினுக்குப் போற குழாயும் அடிலேர்ந்துதான் எடுக்கும். 2023 ஜனவரில ஒரு நாள் கரைலேர்ந்து ஒரு ஒம்போது கிலோமீட்டர் உள்ள ட்ரோலிங் ஓட்டிட்டு இருக்கோம், இன்ஜின் ரெண்டு தடவை இருமிச்சு, நின்னுடுச்சு. ஃபில்டர் கிண்ணத்தைக் கழட்டிப் பார்த்தா மேல ஆயில் கலந்த பெட்ரோல், கீழ ஒரு விரக்கடை உயரத்துக்குக் கலங்கலா தண்ணி. கொட்டிட்டு ஸ்டார்ட் பண்ணா அஞ்சு நிமிஷம் ஓடும், மறுபடி நிக்கும். நங்கூரம் போட்டுட்டு உக்காந்தோம். கடலோரக் காவல்படை நம்பர் 1554 போன்ல இருந்தது, சிக்னல் ஒரு கோடுதான். அந்தப் பக்கமா வலை எடுத்துட்டுத் திரும்பின ஒரு போட் எங்களைப் பார்த்து வந்து கயிறு போட்டு ரெண்டு மணி நேரம் இழுத்துட்டு வந்தாங்க. காசு நீட்டினேன், வாங்கல. "அண்ணா டீசலுக்காவது"ன்னேன். "போட்டை மேல ஏத்தணும், ஒரு கை குடு தம்பி, அது போதும்"னார். அன்னைலேர்ந்து ட்ரிப் முடிஞ்சா மீதி பெட்ரோலை வடிச்சு பைக்ல ஊத்த ஆரம்பிச்சோம், டூ ஸ்ட்ரோக் ஆயில் கலந்ததை பைக்ல ஊத்தினா அதுவும் புகை விடும், அது வேற.

மூணாவது, நம்ம தூண்டில் நரம்பு. இது எங்கள மாதிரி ஆளுங்களுக்குன்னே வர்ற வியாதி. அறுந்துபோன லைன் தண்ணில கெடந்து புரொப்பெல்லர்ல சுத்திக்கும், மீனவர்ங்க அதை ஃபேன்னு சொல்வாங்க. ஃபேனைக் கழட்டிப் பார்க்காம விட்டா நரம்பு அப்படியே உள்ள போய் ஆயில் சீலை அறுத்துடும், கியர் பெட்டிக்குள்ள கடல் தண்ணி போகும். வெளில எந்த அறிகுறியும் இருக்காது. ரெண்டாவது வருஷ சர்வீஸ்ல கீழ இருக்குற ஸ்க்ரூவைக் கழட்டினா ஆயில் வரல, பால் டீ கலர்ல கொழகொழன்னு ஒண்ணு வந்துச்சு. சீல், பேரிங் எல்லாம் மாத்தினோம். அந்த வருஷம் நாங்க பிடிச்ச மொத்த மீனையும் மார்க்கெட்ல காசு குடுத்து வாங்கியிருந்தா கூட அவ்ளோ ஆகியிருக்காது.

இதுக்கு மேல இன்ஜினை ராத்திரி மணல்ல விட முடியாது, திருடு போகும். எழுபது கிலோவுக்கு மேல இருக்கும், கழியில கட்டி ரெண்டு பேர் தோள்ல தூக்கிட்டுப் போய் ரூம்ல வைக்கணும். அந்த ரூமுக்கு மாசம் 1,500 வாடகை. போட்டைத் தண்ணில இறக்க ஏத்த டிராக்டருக்கும் கூட வர்ற ஆளுக்கும் ஒவ்வொரு தடவையும் 800. ஃபைபர்ல விரிசல் விட்டா ஒட்டணும். தண்ணிலயே விட்டு வச்சா அடில பாசியும் கொட்டலசும் (ஓட்டோட ஒட்டிக்கிற சின்ன கடல் உயிரி) பிடிச்சு வேகமே வராது, சுரண்டணும்.

இப்போ எங்க நோட்டுல இருந்த கணக்கைச் சொல்றேன். மூணு வருஷத்துல 41 ட்ரிப் போனோம். ரூம், டிராக்டர், சர்வீஸ், பார்ட்ஸ், பெயின்ட் எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு சுமார் 69 ஆயிரம், அதாவது ஒரு ட்ரிப்புக்கு 5,000. 3 லட்சத்து 60க்கு வாங்கி 1 லட்சத்து 90க்குத்தான் வித்தோம், அந்த நட்டத்தைப் பங்கு போட்டா ட்ரிப்புக்கு இன்னொரு 4,100. பெட்ரோலும் ஆயிலும் 3,800 பக்கம். ஆக ஒரு தடவை கடலுக்குப் போக 13 ஆயிரம். அதே கரைல இப்போ நாங்க வழக்கமா போற அண்ணன் காலைல நாலு மணிலேர்ந்து மத்தியானம் வரைக்கும் எரிபொருளோட சேர்த்து 7,000 வாங்குறார்.

சரி, அடிக்கடி போனா? அதையும் போட்டுப் பார்த்தேன். வருஷத்துக்கு 40 ட்ரிப் போனா ஒரு ட்ரிப் செலவு ஏழாயிரத்து ஐநூறு பக்கம் இறங்குது, கிட்டத்தட்ட வாடகைக்குச் சமம், இன்ஜினும் நிக்காம ஓடுறதால ரிப்பேர் இன்னும் குறையலாம். ஆனா சென்னைப் பக்கம் அக்டோபர்லேர்ந்து டிசம்பர் வரைக்கும் வடகிழக்குப் பருவமழை, வாடைக்காத்துல கடல் கொந்தளிச்சிட்டு இருக்கும், அந்த மூணு மாசம் போற நாளே கொஞ்சம். மீதி ஒம்போது மாசத்துல 40ன்னா ஒரு வாரம் விடாம போகணும், அதுலயும் இன்காய்ஸ் (கடல் நிலையைக் கணிச்சுச் சொல்ற மத்திய அரசு மையம்) அலை எச்சரிக்கை கொடுக்குற நாள் கழியும். வேலை, குழந்தைங்க ஸ்கூல், கல்யாணம் காட்சின்னு இருக்குற ஆளுக்கு இது நடக்காது. எங்க மூணு பேருக்கும் ஒரே ஞாயித்துக்கிழமை ஒத்து வந்ததே பெரிய விஷயம்.

ஃபோர் ஸ்ட்ரோக் வாங்கியிருக்கலாமேன்னு கேப்பாங்க. நான் ஃப்ரெண்ட் ஒருத்தரோட போட்டுல மூணு தடவை ஓட்டிப் பார்த்ததோட சரி. சத்தமே இல்ல, பெட்ரோல் நல்லாவே கம்மி, ஆயில் கலக்குற வேலை இல்ல. ஆனா அதே 40 ஹெச்பில இருவது கிலோவுக்கு மேல எடை கூடும், மணல்லேர்ந்து தோள்ல தூக்குற இடத்துல அது ரொம்பப் பெரிய எடை. உப்பும் எத்தனாலும் அதுக்கும் அதேதான். ஜெட்டி இருக்குற இடத்துல, போட்டைத் தண்ணிலயே கட்டி வைக்க முடியுற பழவேற்காடு மாதிரி ஏரிப்பக்கத்துல எடை அவ்ளோ உறுத்தாது, ஆனா அங்க முகத்துவாரம் மணல் மூடிக்கிற பிரச்சனை இருக்கு, தண்ணி வத்துற நேரத்துல உள்ள வர முடியாம வெளில காத்துக் கெடக்கணும்.

தூத்துக்குடி பக்கம் ரெண்டே தடவைதான் போயிருக்கேன், அதனால என் கணக்கை அங்க அப்படியே பொருத்திக்காதீங்க. அங்க மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவோட 21 தீவு இருக்கு, அதைச் சுத்தி மீன் பிடிக்கக் கூடாது, எல்லை தெரிஞ்ச ஆள் கூட இல்லாம சொந்த போட்டுல போறது எனக்குச் சரியாப் படல. பேரும் மாறும், சென்னைல ஷீலான்னா ஊழி மீன் (பாரகுடா), அங்க சீலான்னா நம்ம வஞ்சரம், போன்ல பேசுறப்போ இதைத் தெளிவா கேட்டுக்கோங்க.

வாடகைக்குப் போறவங்க ஒரே ஆளைப் பிடிச்சுக்கோங்க. ஒவ்வொரு தடவையும் அம்பது நூறு குறைச்சலுக்கு ஆளை மாத்தாதீங்க. எங்க அண்ணனுக்கு முதல் ரெண்டு ட்ரிப் நாங்க என்ன பண்றோம்னே புரியல, ஜிக்கை (மீன் மாதிரி செஞ்ச உலோக இரை) ஏன் சும்மா மேலயும் கீழயும் இழுக்குறீங்கன்னு கேட்டார். நாலாவது ட்ரிப்புல அவரே நீரோட்டம் பார்த்து போட்டை பாருக்கு மேல கொண்டுவந்து நிறுத்தினார், கரைல தெரியுற ரெண்டு அடையாளத்தை வச்சே நிறுத்துவார், எங்க சவுண்டர்ல பார்த்தா சரியா அந்த இடத்துலதான் அடித்தரை மேடு ஏறும். இப்போ நாங்க வர்றோம்னா முன்னாடி நாளே வலையை எடுத்துக் கரைல வச்சிடுறார், முன்பக்கம் காலி. மீனை யார் எடுத்துக்குறதுன்னு ஏறுறதுக்கு முன்னாடியே பேசிடுங்க. நாங்க சமைக்கிறதுக்கு ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்குவோம், மீதி அவருக்கு, நாங்க திரும்ப விடணும்னு நெனக்கிறதுக்கு மட்டும் தனியா ஒரு தொகை கொடுத்துடுறோம். அலை தாண்டுறப்போ அவர் சொல்ற வரைக்கும் யாரும் எழுந்திரிக்கக் கூடாது.

இவ்ளோக்கு அப்புறமும் வாங்கித்தான் ஆகணும்னு இருக்குறவங்க, கடலுக்குப் பத்து நிமிஷத்துல வீடு இருந்து, வாராவாரம் போற ஆள் ரெண்டு பேர் இருந்தா வாங்குங்க. பழைய இன்ஜின்னா ஸ்டார்ட் ஆகுற சத்தத்தைக் கேட்டுட்டுக் காசை எடுக்காதீங்க. ஃபேனைக் கழட்டச் சொல்லி ஷாஃப்ட்டுல நரம்பு சுத்தியிருக்கான்னு பாருங்க. அப்புறம் ஒரு ஸ்க்ரூ டிரைவர் கொண்டுபோய் கியர் பெட்டியோட அடி ஸ்க்ரூவைக் கொஞ்சம் தளர்த்தி ரெண்டு சொட்டு உள்ளங்கைல விடுங்க. கறுப்பாவோ தேன் கலர்லயோ வந்தா மேற்கொண்டு பேசுங்க. பால் டீ கலர்ல வந்தா ஸ்க்ரூவை முறுக்கிட்டுக் கிளம்பிடுங்க.