பேச்சுப் பயிற்சிக்குக் காசு கட்டுமுன் ரிசிட்டில் என்ன எழுதுகிறார்கள் என்று பாருங்கள்

மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கம் பிள்ளைக்குப் பேச்சுப் பயிற்சி தேடிக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்துவிடுங்கள். நான் 2,880 வெள்ளியை (ரிங்கிட்) கட்டிவிட்டு எழுதுகிறேன்.

மகனுக்கு மூன்று வயது நாலு மாதம் ஆனபோது ஏழெட்டுச் சொற்கள்தான் வந்தன. பந்து, பால், பாட்டி, அப்படி. கூப்பிட்டால் ஒருநாள் திரும்புவான், இன்னொரு நாள் திரும்பவே மாட்டான். "ஆம்பளப் பிள்ளை லேட்டாத்தான் பேசும், அவன் அப்பனும் அப்படித்தான்" என்றார் மாமியார். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. பேஸ்புக்கில் தேடியதில், டவுனில் ஒரு கடைவீட்டு மாடியில் இருந்த நிலையம் கிடைத்தது. பலகையில் 'ஸ்பீச் தெரப்பி, ஓ.டி.' என்று பெரிய எழுத்து. ஓ.டி. என்றால் ஆக்குபேஷனல் தெரப்பி, சாப்பிடுவது, உடுத்துவது போன்ற அன்றாட வேலைகளுக்கான பயிற்சி.

அங்கிருந்த டீச்சர் பத்து நிமிடம்கூட அவனைப் பார்க்கவில்லை. "ஆறு மாசத்துல சரளமாப் பேசுவான், நான் கேரண்டி" என்றார். 24 வகுப்பு, வகுப்புக்கு 120 வெள்ளி, மொத்தத்தையும் முன்பணமாகக் கட்ட வேண்டும். சுவர் நிறையப் பிரேம் போட்ட சான்றிதழ்கள். கிட்டப் போய்ப் படிக்கத் தோன்றவில்லை. ரொம்ப நாள் கழித்துப் படித்தேன்: ஒரு சான்றிதழ் இரண்டு நாள் ஆன்லைன் பயிற்சிக்குக் கொடுத்தது, இன்னொன்று குழந்தைகள் யோகா.

வகுப்பு நேரத்தில் கதவைச் சாத்திவிடுவார்கள். அம்மா இருந்தால் பிள்ளை கவனம் சிதறுமாம். நான் படிக்கட்டில் உட்கார்ந்திருப்பேன். உள்ளே டேப்லெட்டில் ஆங்கிலப் பாட்டு ஓடுவது நன்றாகவே கேட்கும். ஓ.டி. என்ற பெயரில் அரிசித் தொட்டியில் கைவிட்டு அளையவிட்டார்கள். கரண்டி பிடிக்கிறானா, சட்டைப் பொத்தான் போடுகிறானா என்று ஒருநாளும் கேட்டதில்லை. பதினைந்து வாரத்தில் அவன் வீட்டுக்குக் கொண்டுவந்த புதுச் சொல் "குட் ஜாப்". சோற்றுத் தட்டைக் கவிழ்த்துவிட்டும் கைதட்டி "குட் ஜாப்" என்பான். நாங்களும் சிரித்தோம்.

காசு போனதைவிட எனக்கு ஆறாதது வேறு. முதல் நாளே டீச்சர், "வீட்டுல தமிழை நிறுத்திடுங்க, ரெண்டு மொழி பிள்ளையைக் குழப்புது, இங்கிலீஷ் மட்டும் பேசுங்க" என்று சொல்லிவிட்டார். நான் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. பகலில் பையன் மாமியாரிடம். அவர் தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில் வளர்ந்தவர், ஆங்கிலம் தெரியாது. அதற்கு முன்னெல்லாம் வாழைக்காய் நறுக்கும்போதுகூட "இந்தா ஒண்ணு, இந்தா ரெண்டு" என்று அவனிடம் பேசிக்கொண்டே இருப்பார். பேரன் கெட்டுவிடக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டார். நாலு மாதம். சாப்பாடு வேண்டுமா என்பதைக்கூடக் கையால் காட்டிக் கேட்டாராம். ஒருநாள் வேலை முடிந்து சீக்கிரம் வந்தபோது, இரண்டு பேரும் வரவேற்பறையில் சத்தமே இல்லாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன்.

தங்கச்சி குழந்தைக்கு ஊசி போட கிளினிக் கெசிஹாத்தானுக்கு (அரசாங்கச் சுகாதார நிலையம்) போனபோதுதான் அங்கிருந்த மிசி, அதாவது நர்ஸ், இவனைக் கவனித்தார். "காது பரிசோதனை செஞ்சாச்சா?" என்றார். அந்த நிலையத்தில் யாரும் கேட்காத கேள்வி. ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுத்தார். இரண்டு மாதம் காத்திருந்தோம். இரண்டு காதிலும் நடுச்செவியில் நீர் கோத்திருந்தது. அடிக்கடி சளி பிடிக்கிற பிள்ளைகளுக்கு வருவதுதானாம். தண்ணீருக்குள் தலையை வைத்துக்கொண்டு கேட்பதுபோல் இருக்குமாம். திரும்பாத நாள்களுக்கெல்லாம் காரணம் அதுதான்.

அங்கே பேச்சுப் பயிற்சியாளர் என்னையும் கூடவே உட்கார வைத்தார். இரண்டு மொழியால் பேச்சு தாமதமாகாது, உங்களுக்கு நன்றாக வருகிற மொழியிலேயே நிறையப் பேசுங்கள் என்றார். கேரண்டி எதுவும் கொடுக்கவில்லை. வீட்டுக்கு வந்து மாமியாரிடம் சொன்னபோது, "அப்ப நான் பேசலாமா?" என்று கேட்டார். எனக்கு என்ன பதில் சொல்வதென்றே தெரியவில்லை.

நம் நாட்டில் பேச்சுப் பயிற்சியாளர், ஓ.டி. இரண்டுமே 2016ஆம் ஆண்டின் 774ஆம் சட்டத்துக்குள் வருகிற தொழில்கள். அந்தச் சட்டம் 2020 ஜூலையில் நடப்புக்கு வந்தது. சுகாதார அமைச்சின் கீழ் உள்ள மன்றத்தில் பதிவு வேண்டும், தொழில் நடத்தும் சான்றிதழும் வேண்டும். இது எனக்கு அப்போது தெரியாது. இரண்டையும் கேளுங்கள். கேட்டால் கோபப்படுவார்கள், என்னிடம் கோபப்பட்டார்கள்.

மிச்சம் 9 வகுப்புக்கு 1,080 வெள்ளியைத் திருப்பிக் கேட்டேன். "நாங்க தெரப்பின்னு எங்கே சொன்னோம்? ரிசிட்டைப் பாருங்க" என்றார் டீச்சர். பார்த்தேன். 'வகுப்புக் கட்டணம்' என்றுதான் இருந்தது. ஒரு ரிசிட்டில்கூடத் தெரப்பி என்ற சொல் இல்லை.

நல்லவேளை, முதல் நாள் மகன் வாசலில் நிற்பதை ஆசையாகப் படம் எடுத்திருந்தேன். தலைக்கு மேல் பலகை முழுசாகத் தெரிகிறது. அதையும் வாட்சாப் செய்திகளையும் அச்செடுத்து, பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் ஐந்து வெள்ளி கட்டி மனு போட்டிருக்கிறேன். போன சனிக்கிழமை பசார் மாலாமுக்கு (இரவுச் சந்தை) போகும்போது அண்ணாந்து பார்த்தேன். பலகை அதே இடத்தில்தான் இருக்கிறது. 'தெரப்பி' என்ற எழுத்துகளின் மேல் மட்டும் வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார்கள்.