இன்கம்டாக்ஸ் போர்ட்டல்ல நாமளே ரிட்டர்ன் போடலாமா? உச்சிப்புளியில இருந்து ஒரு ரிவ்யூ

நேரா விஷயத்துக்கு வந்துடுறேன். கவர்மென்ட்டோட இன்கம்டாக்ஸ் இ-ஃபைலிங் போர்ட்டலுக்கு (வருமானக் கணக்கு, அதாவது ரிட்டர்ன், ஆன்லைன்ல போடுற சைட்டு) நான் 5க்கு 4 ஸ்டார் குடுக்குறேன். சம்பளம், பென்ஷன், பேங்க் வட்டி, சொந்தமா ஒரு வீடு, இவ்வளவுதான் உங்க கணக்குன்னா வேற யாருகிட்டயும் போக வேண்டியதே இல்ல, ஒரு பைசா ஃபீஸும் கெடையாது. எங்க வீட்டுல என்னோடது, அம்மாவோடது, துபாய்ல இருக்குற அண்ணனோடது எல்லாம் நாங்களேதான் போட்டோம், அது தெரிஞ்சதும் மண்டபம், பாம்பன் பக்கம் இருக்குற சொந்தக்காரங்க, கூட வேலை பாக்குறவங்கன்னு ஆளாளுக்கு கேக்க ஆரம்பிச்சுட்டாங்க, கேக்குறதெல்லாம் சுத்திச் சுத்தி அதே கேள்விங்கதான், அதான் மொத்தமா எழுதிடலாம்னு உக்காந்தேன். இங்க சொல்ற கணக்கு எல்லாமே 2024-25 வருமானத்துக்கு, அதாவது 2025ல போட்ட ரிட்டர்னுக்கு.

முதல்ல இந்த வருஷக் குழப்பத்தை முடிச்சுடலாம். 2024 ஏப்ரல்ல இருந்து 2025 மார்ச் வரைக்கும் சம்பாதிச்சது 2024-25 நிதியாண்டு. அதுக்கு ரிட்டர்ன் போடும்போது போர்ட்டல்ல அசெஸ்மென்ட் இயர் 2025-26னு எடுக்கணும். இத மாத்தி எடுத்துட்டு "என் டிடிஎஸ் (முன்கூட்டியே புடிச்ச வரி) காணோமே"ன்னு தேடுறவங்க நெறைய பேர்.

அடுத்து எல்லாரும் கேக்குறது, "எனக்குத்தான் வரியே வரலையே, நான் எதுக்கு ரிட்டர்ன் போடணும்?" வரி வரலங்குறது வேற, ரிட்டர்ன் போட வேண்டாங்குறது வேற. வரி போடுறதுல புது முறை, பழைய முறைன்னு ரெண்டு இருக்கு. 2024-25க்கு புது முறையில 3 லட்சம் வரைக்கும் வரி இல்ல, அதுக்கு மேல 7 லட்சம் வரைக்கும் 87ஏங்குற சட்டப்பிரிவோட தள்ளுபடியால வரி பூஜ்யமாச்சு. ஆனா முதலீடு, மெடிக்கல் இன்சூரன்ஸ் மாதிரி கழிவு எல்லாம் போறதுக்கு முன்னாடி (ஆனா சம்பளம், பென்ஷன்ல நேரா கழியுறது போன பிறகு) உங்க வருமானம் அந்த 3 லட்சத்தத் தாண்டிடுச்சுன்னா ரிட்டர்ன் போட்டே ஆகணும், அந்த தள்ளுபடியே ரிட்டர்ன் போட்டாத்தான் கெடைக்கும். வருமானம் கம்மியா இருந்தாலும் சில பேர் போடணும். வெளிநாட்டுப் பயணத்துக்கு 2 லட்சத்துக்கு மேல செலவு பண்ணவங்க, வருஷத்துக்கு 1 லட்சத்துக்கு மேல கரண்ட் பில் கட்டினவங்க, 25,000 ரூபாய்க்கு மேல டிடிஎஸ் புடிக்கப்பட்டவங்க எல்லாம் இதுல வர்றாங்க. அப்புறம் லோனுக்குப் போனா பேங்க்ல கேக்குறதே பழைய ரிட்டர்ன் காப்பிதான், அது வேற.

போர்ட்டல்ல எனக்கு ரொம்பப் புடிச்சது ஏஐஎஸ். லாகின் பண்ணி அத ஒருதடவை தெறந்து பாருங்க, உங்க பான் நம்பருக்கு எந்த பேங்க் எவ்வளவு வட்டி குடுத்துச்சு, யாரு டிடிஎஸ் புடிச்சாங்க, ஷேர் வித்தது, பெரிய தொகை டெபாசிட் பண்ணது எல்லாம் வரிசையா நிக்கும். நாம மறந்து போன சேவிங்ஸ் அக்கவுன்ட் வட்டி கூட இருக்கும். கம்பெனியில குடுக்குற ஃபார்ம் 16 (சம்பளம், டிடிஎஸ் சான்றிதழ்) மட்டும் வச்சு ரிட்டர்ன் போட்டா இந்த வட்டியெல்லாம் விட்டுப் போயிடும், பின்னாடி நோட்டீஸ் வர்றது பாதி இதனாலதான். நடு வருஷத்துல வேலை மாறினவங்க ரெண்டு கம்பெனி ஃபார்ம் 16ஐயும் வாங்கி வச்சுக்கணும், ரெண்டு பேருமே தனித்தனியா ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் கழிச்சிருப்பாங்க (சம்பளத்துல நேரா கழியுற ஒரு தொகை), ஆனா உங்களுக்கு மொத்தமே 75,000தான் (புது முறையில), அதனால கடைசியில கொஞ்சம் கையில இருந்து கட்ட வேண்டி வரும்.

எங்க அம்மா கணக்கையே சொல்றேன், ஏன்னா இந்த மாதிரி வீடு நம்ம பக்கம் ஏகப்பட்டது இருக்கு. அப்பா கவர்மென்ட் வாத்தியாரு, அவருக்கு அப்புறம் அம்மாவுக்கு ஃபேமிலி பென்ஷன் வருது. மாசம் 22,000, வருஷத்துக்கு 2,64,000. பேங்க்ல போட்டு வச்ச டெபாசிட்டுக்கு வட்டி 60,000. அந்த வருஷம் சீனியர் சிட்டிசனுக்கு 50,000க்கு மேல வட்டி போனா பேங்க் 10 சதவீதம் டிடிஎஸ் புடிக்கும், ஃபார்ம் 15ஹெச் (எனக்கு வரி வராது, புடிக்காதீங்கன்னு எழுதிக் குடுக்குறது) குடுத்திருந்தா புடிச்சிருக்க மாட்டாங்க, குடுக்கல, 6,000 ரூபா போச்சு. இப்ப நல்லா கவனிங்க, பென்ஷன் வேற ஃபேமிலி பென்ஷன் வேற. ரிட்டயர் ஆனவரு வாங்குற பென்ஷன் சம்பளக் கணக்குல வரும், அதுக்கு ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் உண்டு. மனைவி வாங்குற ஃபேமிலி பென்ஷன் "இதர வருமானம்" கணக்குல வரும், அதுல மூணுல ஒரு பங்கு இல்லன்னா 25,000, எது கம்மியோ அது கழியும் (பழைய முறைன்னா 15,000தான்). போர்ட்டல்ல ஐடிஆர் 1ல (சாதாரண வருமானக்காரங்களோட ரிட்டர்ன் ஃபார்ம்) இதர வருமானம்னு வர்ற எடத்துல ஃபேமிலி பென்ஷனுக்குன்னு தனியா ஒரு ஆப்ஷன் இருக்கு, அதத் தேடி எடுக்கணும். 3,24,000ல 25,000 போக 2,99,000, 3 லட்சத்துக்குள்ள வந்துடுச்சு, சேவிங்ஸ் வட்டி சில நூறு சேத்தும் தாண்டல. வரி பூஜ்யம், 6,000மும் திரும்பி வந்துடுச்சு. அம்மாவுக்கு ரிட்டர்ன் போடணும்னு கட்டாயமே இல்ல, ஆனா போடாம அந்தக் காசு வராது. மெசேஜ் வந்ததும் அம்மா அந்த ஃபோன எடுத்துட்டுப் போயி பக்கத்து வீட்டு அக்காகிட்ட காட்டினாங்க, மறுநாள் அந்த அக்காவும் பான் கார்டோட வந்துட்டாங்க.

இப்ப புது முறையா பழைய முறையா. போர்ட்டல் தானாவே புது முறையத்தான் எடுத்துக்கும். இங்க ஒரு கேள்வி கேக்கும், புது வரி முறையில இருந்து நீங்க வெளிய வர்றீங்களா அப்படிங்குற அர்த்தத்துல. அதுக்கு "நோ"ன்னு இருந்தா புது முறை, "யெஸ்"னு குடுத்தா பழைய முறை. கேள்வியே தலைகீழா இருக்குறதால புது முறைதான் வேணும்னு நெனச்சுக்கிட்டு யெஸ் குடுத்துடுறாங்க. இதுக்காகத்தான் ஒரு ஸ்டாரக் கொறச்சேன், இவ்வளவு முக்கியமான எடத்துல மனுஷன் கேக்குற மாதிரி நேரா கேக்கலாம்ல? எது லாபம்னு தெரியணும்னா ரெண்டுலயும் போட்டுப் பாருங்க, சப்மிட் பண்ற வரைக்கும் மாத்தி மாத்திப் பாக்கலாம். வீட்டு லோன் வட்டி, 80சி (சேமிப்பு, முதலீட்டுக்கான கழிவு) 1.5 லட்சம் முழுசா, மெடிக்கல் இன்சூரன்ஸ், வாடகைப் படி எல்லாம் பெருசா இருக்குறவங்களுக்குத்தான் பழசு இன்னும் ஒத்து வரும். பழசு வேணும்னா கடைசி தேதிக்குள்ள போட்டாகணும், லேட்டானா அந்த வாய்ப்பு கெடையாது.

பிரவுசிங் சென்டர் விஷயத்த இங்க சொல்லியே ஆகணும், இத நெனச்சா எனக்கு இன்னும் கோவம் வருது. அண்ணனுக்கு முன்னாடி ஒரு எடத்துல குடுத்துதான் ரிட்டர்ன் போட்டுட்டிருந்தோம், பேரு வேண்டாம். அவங்க என்ன பண்ணிருக்காங்க, போர்ட்டல் ப்ரொஃபைல்ல அவங்க மொபைல் நம்பரையும் அவங்க மெயில் ஐடியையும் போட்டு வச்சிருக்காங்க. அதனால ஓடிபி, நோட்டீஸ், ரீஃபண்ட் தகவல் எல்லாம் அவங்களுக்குத்தான் போகுது, பாஸ்வேர்டும் அவங்ககிட்ட. நாம ஒவ்வொரு தடவையும் அவங்க வாசல்ல போயி நிக்கணும். நீங்க வெளிய குடுத்துப் போட்டாலும் பரவால்ல, லாகின் பண்ணி ப்ரொஃபைல்ல உங்க நம்பர், உங்க மெயில் இருக்கான்னு இன்னைக்கே பாத்துடுங்க. இன்னொன்னு, "உங்களுக்கு ரீஃபண்ட் அதிகமா வாங்கித் தர்றேன், வர்றதுல இவ்வளவு பர்சென்ட் குடுங்க"ன்னு சொல்ற ஆளுங்க. இல்லாத இன்சூரன்ஸ், குடுக்காத நன்கொடை எல்லாம் எழுதி வாங்கித் தருவாங்க. 2025 ஜூலைல இந்த மாதிரி பொய்க் கழிவுகளப் புடிக்கவே இன்கம்டாக்ஸ் துறை பல மாநிலத்துல சோதனை போட்டுச்சு, அதுல தமிழ்நாடும் உண்டு. மாட்டினா அந்த வரியில 200 சதவீதம் வரைக்கும் அபராதம், கட்ட வேண்டியது அந்த ஆளு இல்ல, உங்க பான் நம்பர்.

வளைகுடாவுல ஆள் இருக்குற வீட்டுக்கெல்லாம் அடுத்தது. கீழக்கரை, தொண்டி, ஏர்வாடி, எங்க பாத்தாலும் வீட்டுக்கு ஒருத்தர் வெளிநாட்டுல. துபாய்ல வாங்குற சம்பளத்துக்கு இங்க வரி கட்டணுமான்னு கேக்குறாங்க. வருஷத்துல 182 நாளுக்குக் கொறவா இந்தியாவுல இருந்து, என்ஆர்ஐன்னு ஆனா அங்க வாங்குற சம்பளத்துக்கு இங்க வரி இல்ல. பாஸ்போர்ட் முத்திரையப் பாத்து நாள எண்ணணும், லீவுக்கு வந்தது, வீட்டு வேலைக்கு வந்து தங்கினது எல்லாம் சேத்து. (இந்தியாவுல மட்டுமே 15 லட்சத்துக்கு மேல வருமானம் இருந்தா இந்தக் கணக்கு 120 நாளுக்கு எறங்கும், அவங்க நல்ல ஆடிட்டரப் பாத்துடுறது நல்லது.) என்ஆர்ஈ அக்கவுன்ட் (வெளிநாட்டுச் சம்பாத்தியத்தப் போடுறது) வட்டிக்கு வரி கெடையாது. என்ஆர்ஓ (இந்தியாவுல வர்ற காசப் போடுறது) வட்டிக்கு உண்டு, பேங்க்காரங்க முதல் ரூபாயில இருந்தே 30 சதவீதமும் அதுக்கு மேல செஸ்ஸும் (வரி மேல போடுற கூடுதல் வரி) புடிச்சுடுவாங்க. அண்ணனுக்கு என்ஆர்ஓ வட்டி 1.5 லட்சம், புடிச்சது 46,800. இங்க வேற வருமானம் இல்ல, 3 லட்சத்துக்குள்ள, அதனால மொத்தமும் ரீஃபண்ட். ஆனா என்ஆர்ஐ ஐடிஆர் 1 போடவே கூடாது, ஐடிஆர் 2தான், நான் சொன்ன அந்த சென்டர்ல ரெசிடென்ட்னு காட்டி ஐடிஆர் 1 போட்டு வச்சிருந்தாங்க. 87ஏ தள்ளுபடியும் என்ஆர்ஐக்கு கெடையாது, 2024-25 கணக்குல 3 லட்சத்தத் தாண்டினா 5 சதவீதத்துல ஆரம்பிச்சுடும். ஆதார் நம்பரோட சேந்த இந்திய சிம் கையில இல்லன்னா ஓடிபி வராதேன்னு கவலைப்பட வேண்டாம், நெட்பேங்கிங் வழியா இ-வெரிஃபை (போட்ட ரிட்டர்ன் நம்மளோடதுதான்னு உறுதி பண்றது) பண்ணலாம்.

கடல் தொழில்காரங்க கேக்குறது வேற மாதிரி. பாம்பன்ல கருவாட்டு யாவாரம் பாக்குற ஒரு அண்ணே, "தம்பி, மீன் புடிக்கிறதும் விவசாயம் மாதிரிதானே, அதுக்கு வரி கெடையாதுல்ல?"ன்னு கேட்டாரு. இல்லண்ணே. நெலத்துல வெளையுறதுதான் விவசாய வருமானம். நம்ம ஊரு குண்டு மிளகாய், நெல்லு, தென்னை எல்லாம் அதுல வரும், மீன் வராது, கருவாடு வராது, உப்பளமும் வராது. விவசாய வருமானம் 5,000க்கு மேல இருந்தாலும் ஐடிஆர் 1 போட முடியாதுங்குறது பல பேருக்குத் தெரியல. சின்ன யாவாரிங்களுக்கு 44ஏடின்னு ஒரு நல்ல வழி இருக்கு, ஐடிஆர் 4ல போடணும், கணக்குப் புத்தகம் எல்லாம் தேவையில்ல. 2 கோடி விற்பனை வரைக்கும், பேங்க்ல இல்ல ஜிபேல வந்ததுக்கு 6 சதவீதம், கையில ரொக்கமா வந்ததுக்கு 8 சதவீதம் லாபம்னு கொறஞ்சபட்சம் காட்டணும். அந்த அண்ணே கணக்குக்கு வருஷத்துக்கு 30 லட்சம் விற்பனைன்னு வச்சுக்கங்க, அதுல 20 லட்சம் ஜிபே, 10 லட்சம் ரொக்கம். 1,20,000மும் 80,000மும் சேத்து 2 லட்சம் லாபம். உண்மையான லாபம் அதுக்கு மேலன்னா உண்மையத்தான் காட்டணும். ஜிபே வந்ததால வரி ஏறிடும்னு பயந்து ரொக்கம் கேக்குறவங்க இந்தக் கணக்க ஒருதடவை பாருங்க, ஜிபேக்குத்தான் கம்மி.

போர்ட்டலோட மத்த கொறைங்க, கொஞ்ச நேரம் ஒண்ணும் பண்ணாம விட்டா வெளியேத்திடும், அதனால பக்கத்துக்குப் பக்கம் சேவ் பண்ணிக்கிட்டே போங்க. கடைசி ரெண்டு நாள்ல போகாதீங்க. 2025ல கடைசி தேதி ஜூலை 31ல இருந்து செப்டம்பர் 15க்குப் போயி, அப்புறம் ஒரே ஒரு நாள் நீட்டி 16 ஆச்சு, ஒவ்வொரு வருஷமும் நீட்டுவாங்கன்னு நம்பி உக்காரக் கூடாது. லேட்டானா டிசம்பர் 31 வரைக்கும் போடலாம், ஆனா 5,000 ஃபீஸ், மொத்த வருமானம் 5 லட்சத்துக்குள்ளன்னா 1,000.

சப்மிட் பண்ணிட்டோம்னு லேப்டாப்ப மூடிடாதீங்க. 30 நாளுக்குள்ள இ-வெரிஃபை பண்ணணும், பண்ணலன்னா நீங்க போட்டது போடாத மாதிரிதான். ரீஃபண்ட் வராம நிக்குறவங்க முதல்ல பாக்க வேண்டியது ரெண்டே எடம், இ-வெரிஃபை ஆச்சா, பேங்க் அக்கவுன்ட் போர்ட்டல்ல ப்ரீ-வேலிடேட் ஆகி (முன்னாடியே சரிபாத்து) ரீஃபண்டுக்குன்னு டிக் பண்ணிருக்கா. பேங்க்ல இருக்குற பேரும் பான்ல இருக்குற பேரும் ஒண்ணா இருக்கணும், இனிஷியல் முன்னாடி பின்னாடி மாறினாலே வேலிடேஷன் நின்னுடும், நம்ம ஊர்ல இதுல சிக்குறவங்க ரொம்ப அதிகம். அப்புறம் "உங்க ரீஃபண்ட் ரெடி, இந்த லிங்க்க அமுக்குங்க"ன்னு வர்ற மெசேஜ் எதையும் தொடாதீங்க, போர்ட்டல்குள்ள போயித்தான் பாக்கணும்.

மீன் ஏலக் கமிஷன்ல இருக்குறவங்க மட்டும் இந்த ரிவ்யூவ நம்பி ஐடிஆர் 4 போட்டுடாதீங்க, கமிஷன் வருமானத்துக்கு 44ஏடி செல்லாது. அதே மாதிரி சொத்து வித்தவங்க, படகுல ரெண்டு மூணு பேர் பங்கு இருக்குறவங்க, இவங்கெல்லாம் ராமநாதபுரம் போயி ஒரு ஆடிட்டருக்கு ஃபீஸ் குடுத்துப் போடுறதுதான் சரி, அப்பவும் ப்ரொஃபைல்ல நம்பர் உங்களோடதா இருக்கட்டும்.