கிராஃப்ட் பீர் ருசிக்க மதுரையிலிருந்து எங்கே போகலாம்: பெங்களூரா, கோவாவா, பாண்டியா?

மதுரையில் நண்பர்களிடம் கிராஃப்ட் பீர் என்று பேச்சை எடுத்தால் உடனே வரும் கேள்வி, "எங்க மாப்ள போறது?" என்பதுதான். நியாயமான கேள்வி. தமிழ்நாட்டில் மதுவின் சில்லறை விற்பனை 2003 முதல் டாஸ்மாக் கையில் இருக்கிறது. அங்கே பெரும்பாலும் கிடைப்பது பெரிய ஆலைகளின் லாகர் என்ற வழக்கமான வெளிர் பீரும், போதை கூடிய ஸ்ட்ராங் பீரும். சிறிய அளவில், அங்கேயே காய்ச்சி அங்கேயே ஊற்றித் தரும் கிராஃப்ட் பீர் வேண்டுமென்றால் மாநிலம் தாண்டித்தான் ஆக வேண்டும். மூன்று ஊர்களுக்கும் நான் போயிருக்கிறேன். யார் கேட்டாலும் இப்போது பெங்களூரு என்றுதான் சொல்வேன்.

எல்லோருக்கும் தெரிந்ததை முதலில் முடித்துவிடுவோம். கடற்கரையும் விடுமுறையும் சேர்த்து வேண்டுமானால் கோவா. குறைந்த செலவில் ஒரு வார இறுதி என்றால் பாண்டி. மாட்டுத்தாவணியில் பஸ் ஏறலாம், அல்லது ரயிலில் விழுப்புரம் போய் அங்கிருந்து பஸ் பிடிக்கலாம். பெங்களூரில் பில் கனமாகத்தான் வரும், சனிக்கிழமை இரவில் மேஜை கிடைப்பதும் கஷ்டம். இதையெல்லாம் வைத்து முடிவெடுப்பதாக இருந்தால் பாண்டி ஜெயித்துவிடும். நான் பார்ப்பது வேறு: கிளாஸில் இருக்கும் பீர் எத்தனை நாள் பழசு?

இதை ஏன் இவ்வளவு பெரிதாகச் சொல்கிறேன் என்றால், கிராஃப்ட் பீரின் உயிரே அதில்தான் இருக்கிறது. ஐபிஏ என்ற கசப்பு கூடிய பீர் வகையில் மூக்கைத் தொடும் ஆரஞ்சுத் தோல், மாம்பழ வாசனை எல்லாம் ஹாப்ஸ் என்ற கொடியின் பூ தருவது. அந்த வாசனைதான் முதலில் போகும், கசப்பு மட்டும் மிஞ்சும். காற்றிலுள்ள ஆக்ஸிஜன் உள்ளே புகுந்தால் நனைந்த அட்டைப்பெட்டி போல ஒரு வாடை வரும். வெளிச்சம் பட்டால் ஹாப்ஸில் உள்ள பொருள்கள் சிதைந்து நாற்றம் எடுக்கும். பீர் பாட்டில்கள் பல பழுப்பு நிறத்தில் இருப்பது அதைத் தடுக்கத்தான். இத்தனைக்கும் மேலே சூடு. குளிரில் பல மாதம் தாங்கும் பீர், நம் ஊர் சித்திரை வெயிலில் லாரியிலும் கிடங்கிலும் சில வாரம் கிடந்தாலே களையிழந்துவிடும். பெரிய ஆலைகள் வடிகட்டி, சூடாக்கிக் கிருமி நீக்கி (பாஸ்டரைஸ்) அனுப்புவதால் அவர்களுடைய லாகர் ஓரளவு தாக்குப்பிடிக்கும். வடிகட்டாத கோதுமை பீருக்கு அந்தக் கவசம் கிடையாது.

பெங்களூரில் இந்தக் கவலையே இல்லை. காய்ச்சும் டேங்குகள் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கின்றன, அங்கிருந்து உங்கள் மேஜைக்குச் சில அடி தூரம்தான். அதைவிட முக்கியம், கூட்டம். ஒரு டேங்க் சீக்கிரம் காலியாகி அடுத்தது திறக்கிறது, பீருக்குப் பழசாக நேரமே இருப்பதில்லை. இந்திராநகர் 100 அடி சாலையில் 2010-இல் தொடங்கிய டாய்ட், ஊரின் முன்னோடி மைக்ரோ ப்ரூவரிகளில், அதாவது அங்கேயே காய்ச்சித் தரும் சின்ன பீர் கடைகளில், ஒன்று. மெக்ராத் சாலையில் ஆர்பர், அமெரிக்காவின் ஆன் ஆர்பர் நகரத்துக் கடையின் கிளையாக 2012-இல் வந்தது. வைட்ஃபீல்டில் விண்ட்மில்ஸ், புத்தக அலமாரியும் ஜாஸ் மேடையும் சேர்ந்த இடம்.

டாய்டில் டின்டின் என்ற பீர் ஒன்று உண்டு, விட் என்ற கோதுமை பீர் வகை. பெல்ஜியத்துப் பாணி விட்டில் கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் போடுவார்கள். கிளாஸ் மேஜைக்கு வந்ததும் குடிக்காமல் முதலில் மூக்கருகே கொண்டுபோனேன். ரசத்துக்கு மல்லியை இடிக்கும்போது எழும் அதே மணம், மெல்லியதாக. நிறம் கலங்கலான வெளிர் மஞ்சள், மேலே வெள்ளை நுரை. பாட்டிலில் வரும் விட் பீர்களையும் குடித்திருக்கிறேன், இனிப்பும் புளிப்பும் தெரியும், மல்லி மட்டும் கிட்டத்தட்ட காணாமல் போயிருக்கும். அடுத்து ஜெர்மன் பாணி கோதுமை பீரான வைஸ் ஒன்று வாங்கினோம். அதில் வாழைப்பழமும் கிராம்பும் மணக்கும், இரண்டையும் யாரும் போடுவதில்லை. ஈஸ்ட் நொதிக்கும்போது தானே உண்டாக்குவது. கூட வந்த நண்பர் நம்பவே மாட்டேன் என்றார். பரிமாறிய தம்பி தமிழிலேயே விளக்கினார், எந்த டேங்க் புதிதாகத் திறந்தது என்று கேட்டதற்கும் தயங்காமல் பதில் சொன்னார். போகிறவர்கள் இந்த ஒரு கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள். புதிதாகத் திறந்ததையே முதலில் வாங்குங்கள்.

முழு கிளாஸ் வாங்கும் முன் சின்ன கிளாஸ்களில் நாலைந்து வகை வரும் சாம்ப்ளர் கேட்கலாம். மென்மையானதில் தொடங்கி, கசப்பும் கருமையும் கூடியதைக் கடைசியில் வையுங்கள். ஐபிஏவை முதலில் குடித்தால் அப்புறம் விட்டின் மல்லி நாக்குக்கே எட்டாது.

கோவா விஷயத்தில் நான் கொஞ்சம் அடக்கித்தான் பேச வேண்டும். நான் போனது மழைக்காலம், பாதிக் கடைகள் மூடிக் கிடந்தன. சீசனில் நிலைமை வேறாக இருக்கலாம். அங்கே நான் அதிகம் பார்த்தது கேன், பாட்டில் வகைகள்தான். கோவா ப்ரூயிங் கம்பெனியின் எய்ட் ஃபிங்கர் எட்டி நல்ல ஐபிஏ, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஒரே பெயருள்ள கேன் ஒரு கடையில் மணமாகவும் இன்னொரு கடையில் மந்தமாகவும் இருந்தது. வாங்கும்போது அடியிலுள்ள தேதியைப் பாருங்கள், வெயில் படும் அலமாரியில் இருப்பதைத் தொடாதீர்கள். கடற்கரையில் குளிரக் குளிர ஒன்று குடிப்பதன் சுகத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு நாட்டின் கிராஃப்ட் பீர் எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வருபவருக்கு அது போதாது.

பாண்டியில் எனக்கு அனுபவம் இன்னும் குறைவு. கேட்டமரன் என்ற மைக்ரோ ப்ரூவரி அங்கே இருக்கிறது, பீர் நன்றாகவே இருந்தது, நடந்துபோகும் தூரத்தில் கடற்கரையும் உண்டு. குறை என்னவென்றால் ஒப்பிட்டுப் பார்க்க இடம் போதவில்லை. பெங்களூரில் ஒரே வகை கோதுமை பீரை மதியம் ஒரு இடத்திலும் மாலையில் இன்னொரு இடத்திலும் குடித்து வித்தியாசம் பார்க்கலாம். ருசி பிடிபடுவது அப்படித்தான். இன்னொன்று, பாண்டியிலிருந்து பாட்டில் வாங்கி மதுரைக்குக் கொண்டு வரலாம் என்று கணக்குப் போடாதீர்கள். எல்லையில் சோதனை உண்டு, சட்டச் சிக்கல் வீண்.

பெங்களூருப் பயணமும் இப்போது சுலபம். 2024 ஆகஸ்ட் கடைசியில் தொடங்கிய வந்தே பாரத் ரயிலில் மதுரையில் அதிகாலை ஏறினால் மதியம் பெங்களூரு கன்டோன்மென்ட் ஸ்டேஷன். செவ்வாய்க்கிழமை மட்டும் அது ஓடாது. இந்திராநகர் பக்கம் அறை எடுத்துவிட்டால் ஊதா வழித்தட மெட்ரோவிலேயே எம்.ஜி. சாலைக்கும் வைட்ஃபீல்டுக்கும் போய் வரலாம், வண்டி ஓட்ட வேண்டிய அவசியமே இல்லை. குடிக்கப் போகும் பயணத்தில் இது சின்ன விஷயம் இல்லை. ஊர் திரும்பும் ரயிலும் மதியம்தான். அதனால் இரவை அவசரமில்லாமல் முடித்து, காலையில் நன்றாகத் தூங்கி எழுந்து, வயிறார டிபன் சாப்பிட்டுவிட்டே கிளம்பலாம். முடிந்தால் வியாழக்கிழமையே போய்விடுங்கள். கூட்டம் குறைவாக இருக்கும், டேங்கைப் பற்றிக் கேட்டால் நின்று பதில் சொல்ல அவர்களுக்கும் நேரம் இருக்கும்.