கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் நரம்பு மண்டலம்: அட்டைப் பெட்டியோடு இரண்டரை வருடம்

ஒரு செருப்புப் பெட்டி, குறுக்கே நாலு தடுப்பு, உள்ளே கேள்வி-விடை அட்டைகள். நர்சிங் ஆஃபீசர் தேர்வுகளுக்காக இரண்டரை வருடம் நான் பயன்படுத்திய கருவி இவ்வளவுதான். எல்லாப் பாடத்துக்கும் அட்டை போட்டேன். ஆனாலும் நரம்பு மண்டலத்தைப் பற்றித்தான் இங்கே சொல்லப் போகிறேன். மொத்தம் இருந்த 610 அட்டையில் 190 அதற்கே போனது. பெட்டியின் நல்லதும் கெட்டதும் அங்கேதான் நன்றாகத் தெரிந்தது.

மறப்பதற்குள் இடைவெளி விட்டுத் திரும்பப் பார்ப்பதுதான் முறை, ஒன்றும் புதிதல்ல. 1885-லேயே ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எத்தனை நாளில் எவ்வளவு மறக்கிறது என்று கணக்குப் போட்டு வெளியிட்டார். 1970-களில் செபஸ்டியன் லைட்னர் என்பவர் இந்தப் பெட்டியைப் பிரபலமாக்கினார். விடையைச் சரியாகச் சொன்னால் அட்டை அடுத்த அறைக்குப் போகும். தப்பினால் எந்த அறையில் இருந்தாலும் முதல் அறைக்குத் திரும்பிவிடும். முதல் அறையைத் தினமும் பார்ப்பேன், இரண்டாவதை மூன்று நாளைக்கு ஒருமுறை, மூன்றாவதை வாரம் ஒருமுறை, நாலாவதைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை, ஐந்தாவதை மாதம் ஒருமுறை. போனில் இந்தக் கணக்கைத் தானாகவே போடும் ஆப்கள் இருக்கின்றன. போனைக் கையில் எடுத்தால் நான் படிக்க மாட்டேன் என்பது எனக்கே தெரியும் என்பதால் அந்தப் பக்கம் போகவில்லை.

அட்டைக்குச் செலவே இல்லை. வீட்டில் பரண்மேல் பழைய கல்யாணப் பத்திரிகைகள் ஒரு கட்டு கிடந்தது. பின்பக்கம் வெள்ளை. ஒன்றை வெட்டினால் நாலு அட்டை. முதல் எட்டு மாதம் இப்படித்தான் ஓட்டினேன், அதில்தான் ஏமாந்தேன்.

பக்கவாதத்தில் இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை எத்தனை மணி நேரத்துக்குள் போட வேண்டும் என்று ஒரு அட்டை. விடை நாலரை மணி நேரம். அந்த அட்டையின் மூலையில் பத்திரிகைக்குத் தடவிய மஞ்சள் அப்படியே இருந்தது. மஞ்சளைப் பார்த்ததுமே வாய் 'நாலரை' என்று சொல்லிவிடும், கேள்வியைப் படிப்பதே இல்லை. அட்டை ஜம்மென்று ஐந்தாவது அறைக்குப் போய்விட்டது. அப்புறம் ஒரு மாதிரித் தேர்வில் இப்படிக் கேட்டார்கள்: இரவு 10 மணிக்கு நன்றாகப் படுத்தவர், காலை 6 மணிக்கு எழும்போது வலது கை விளங்கவில்லை, 7 மணிக்கு ஆஸ்பத்திரிக்கு வந்தார். நேரத்தை எப்போதிலிருந்து எண்ணுவீர்கள்? நான் 6 மணி என்று போட்டேன். கடைசியாக நன்றாக இருந்ததாகத் தெரிந்த நேரத்திலிருந்துதான் எண்ண வேண்டும், அதாவது இரவு 10. ஒன்பது மணி நேரம் ஆகிவிட்டது. எண் தெரிந்தது, எண்ணத் தெரியவில்லை.

சிவகாசியில் அச்சகத்தில் கட்டிங் மெஷின் ஓட்டும் சித்தப்பாவிடம் சொன்னேன். காலண்டர் அட்டை வெட்டும்போது விழும் துண்டுகளை ஒரே அளவாக நறுக்கிக் கொடுத்தார். எல்லாம் ஒரே வெள்ளை, ஒரே அளவு, மஞ்சள் கிடையாது. 190-ஐயும் திரும்ப எழுத ஒரு மாதம் ஆனது. எழுதும்போதே கேள்வியையும் திருப்பிப் போட்டேன். முன்பெல்லாம் 'மயஸ்தீனியா கிராவிஸ் என்றால் என்ன' என்று முன்பக்கம் இருக்கும். இப்போது 'காலையில் பரவாயில்லை, சாயங்காலம் ஆக ஆக இமை இறங்குகிறது, சோற்றை மெல்ல முடியவில்லை' என்று எழுதினேன். கில்லன் பாரே நோய்க்கு 'வயிற்றுப்போக்கு வந்து சரியாகி இரண்டு வாரம், இப்போது காலில் தொடங்கிய தளர்ச்சி மேலே ஏறுகிறது, முதலில் எதைக் கவனிப்பாய்?' என்று எழுதினேன். விடை மூச்சு. நோயாளி பெயரைச் சொல்லிக்கொண்டா வருகிறார், அறிகுறியோடுதானே வருகிறார்.

பன்னிரண்டு மூளை நரம்புகளில் எல்லாரும் மாட்டிக்கொள்வார்கள், நானும்தான். எண்வரிசையில் அட்டை போட்டால் ஐந்தாவதும் ஏழாவதும் கடைசிவரை குழம்பும். அதனால் நரம்புக்கு ஒன்று என்பதை விட்டுவிட்டு உறுப்புக்கு ஒன்று என்று மாற்றினேன். நாக்கு அட்டையில், முன்பக்க மூன்றில் இரண்டு பங்குக்குத் தொடுவுணர்ச்சி ஐந்தாவது நரம்பு, அதே இடத்துக்கு ருசி ஏழாவது, பின்பக்க மூன்றில் ஒரு பங்குக்கு ருசியும் உணர்ச்சியும் ஒன்பதாவது, நாக்கை நீட்டுவது பன்னிரண்டாவது. கண் அட்டையில், பார்ப்பது இரண்டு, உருட்டுவது மூன்று, நாலு, ஆறு. இமையைத் திறப்பது மூன்று, மூடுவது ஏழு. கருவிழியில் பஞ்சு பட்டால் உணர்வது ஐந்து, அதற்குக் கண்ணை மூடுவது ஏழு. இதற்குப் பிறகு முகவாதக் கேள்வி எனக்குத் தப்பியதே இல்லை. நெற்றியைச் சுருக்க முடியாவிட்டால் கோளாறு ஏழாவது நரம்பில், நெற்றி தப்பித்து வாய் மட்டும் கோணினால் மூளையில்.

ஜோடி அட்டைகளும் நன்றாக வேலை செய்தன. மண்டைக்குள் அழுத்தம் ஏறினால் பிபி ஏறும், நாடி குறையும், மூச்சு ஒழுங்கில்லாமல் போகும். இரத்தம் இழந்து ஷாக்கில் போனால் பிபி இறங்கும், நாடி ஏறும். தனித்தனி அட்டையில் இருந்தபோது மாற்றி மாற்றிச் சொன்னேன். ஒரே அட்டையில் எதிரெதிரே எழுதிய பிறகு நின்றுவிட்டது.

பெட்டி சுத்தமாகக் கைவிட்ட இடமும் உண்டு. கிளாஸ்கோ கோமா அளவுகோல், நோயாளிக்கு நினைவு எவ்வளவு இருக்கிறது என்று மதிப்பெண் போடுவது, 1974-ல் டீஸ்டேலும் ஜென்னட்டும் கொண்டுவந்தது. கண் 4, பேச்சு 5, அசைவு 6, மொத்தம் 15, எதுவுமே இல்லாவிட்டாலும் 3. மனப்பாடம் எளிது. ஆனால் வலி கொடுத்தால் கை விறைத்து மடங்குவதற்கு 3, விறைத்து நீள்வதற்கு 2 என்பதை அட்டையில் படித்து எனக்கு ஏறவே இல்லை. கடைசியில் அட்டையில் விடையை எழுதாமல் 'செய்து காட்டு' என்று எழுதிவிட்டேன். ஹாஸ்டல் அறையில் கையை நெஞ்சுக்கு மடக்கி 3, பக்கவாட்டில் விறைத்து நீட்டி 2 என்று நான் நிற்க, அறைத்தோழி ஒருநாள் பயந்து வார்டனைக் கூப்பிடப் போய்விட்டாள்.

'முதலில் என்ன செய்வீர்கள்' வகைக் கேள்விக்கும் அட்டை போதாது. வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்தைத் திணிக்கும் ஊரில் வளர்ந்தவள் நான். ஒருக்களித்துப் படுக்க வை, வாயில் எதையும் வைக்காதே, நேரத்தைப் பார், ஐந்து நிமிடம் தாண்டினால் அவசரநிலை என்று அட்டை சொல்லும். நாலு விடையும் சரிபோலத் தெரியும்போது எது முதல் என்று சொல்லாது. அதற்குக் கேள்வித்தாள்களைப் போட்டுப் பழகத்தான் வேண்டும். சில விஷயம் வார்டில்தான் வரும். பயிற்சியின்போது வலிப்புக்குப் போடும் ஃபெனிடாயின் ஊசி கலக்க நான் டெக்ஸ்ட்ரோஸ் (சர்க்கரைக் கரைசல்) பாட்டிலை எடுக்கப் போனேன். "அதுல போட்டா படிஞ்சிரும்மா, சலைன் எடு" என்று சிஸ்டர் என் கையைப் பிடித்தார். அந்த அட்டை அன்றோடு முதல் அறைக்குத் திரும்பவே இல்லை.

கெட்டதில் ஒன்று, முதல் அறை தடித்துக்கொண்டே போகும். இரண்டு நாள் காய்ச்சலில் படுத்தால் எண்பது அட்டை நிற்கும், பார்த்தாலே மூடத் தோன்றும். அப்படி வந்தால் இருபது மட்டும் பாருங்கள், மீதி நாளைக்கு. இன்னொன்று ரப்பர் பேண்ட். மே மாத வெயிலில் உருகி அட்டையோடு ஒட்டிக்கொண்டு, பிரிக்கும்போது எழுத்தோடு உரிந்து வந்தது. துணி நாடா கட்டுங்கள். ஜெல் பேனாவும் வேண்டாம், வியர்த்த கைக்கு மை பரவும்.

முதல் தடவை தேர்வில் கட் ஆஃப் தாண்டவில்லை. பத்திரிகை அட்டைக் காலம் அது. இரண்டாம் தடவை வேலை கிடைத்தது.

பெட்டி இப்போதும் என்னிடம்தான் இருக்கிறது. முதல் அறையில் ஒரே ஒரு அட்டை மிச்சம். தண்டுவடம் ஒரு பக்கம் மட்டும் அறுபட்டால் எந்தப் பக்கம் எது போகும்? அசைவும் மூட்டின் நிலையுணர்வும் அதே பக்கம், வலியும் சூடும் எதிர்ப்பக்கம். வலியைக் கொண்டுபோகும் பாதை தண்டுவடத்துக்குள்ளேயே மறுபக்கம் தாவிவிடுகிறது, மற்ற இரண்டும் மூளையின் அடியில் இருக்கும் முகுளத்தில்தான் பக்கம் தாவுகின்றன. காரணத்தோடு எழுதியிருக்கிறேன், படமும் வரைந்திருக்கிறேன். நேற்று இரவு டியூட்டிக்குக் கிளம்பும் முன் எடுத்துப் பார்த்தேன். மாற்றிச் சொன்னேன், திரும்ப முதல் அறையிலேயே வைத்துவிட்டுப் போனேன்.