ரைன் நதியின் நீர்மட்டம் சொல்லும் எல்விஸ் சேவை: ஒரு மதிப்பீடு

வறட்சிக் காலத்தில் ரைன் நதி வழியாகச் சரக்கு அனுப்புவோருக்கு, ஜெர்மனியின் மத்திய நீர்வழி நிர்வாகம் கட்டணமின்றி நடத்தும் எல்விஸ் இணையதளத்தைவிட நம்பகமான துணை இல்லை என்பது என் உறுதியான கருத்து. தென்மேற்கு ஜெர்மனியில் உள்ள இஃபெட்ஸ்ஹைம் அணைக்குக் கீழே ரைனில் வேறு தடுப்பணையே கிடையாது. மைன், நெக்கர் போன்ற துணையாறுகளில் நீரைத் தேக்கி ஆழத்தைக் காப்பதுபோல இங்கே செய்ய இயலாது என்பதால், கப்பலில் எவ்வளவு ஏற்றலாம் என்பதை அன்றன்றைய நீர்மட்டமே முடிவு செய்கிறது.

மேல்ரைனுக்குப் போகும் கப்பல்களுக்குப் பெரும்பாலும் கவுப் என்ற சிற்றூரின் அளவுகோல்தான் எல்லை வகுக்கிறது. 2018 அக்டோபர் 22 அன்று அது 25 செ.மீ. எனக் காட்டியது. புதியவர் ஆறே வற்றிவிட்டதாக நினைக்கக்கூடும். ஆனால், அளவுகோலின் பூஜ்யம் ஆற்றின் அடித்தரை அன்று. அளவு சுமார் 78 செ.மீ. இருக்கையில் கப்பல் தடத்தில் 1.90 மீட்டர் ஆழம் இருக்க வேண்டும் என்பது நிர்வாகத்தின் கணக்கு. ஆகவே, காட்டும் அளவோடு ஏறத்தாழ 1.12 மீட்டரைக் கூட்டினால் ஆழம் கிடைக்கும். அந்த அக்டோபரில் அது 1.37 மீட்டர்தான்; கப்பல் அடித்தரை தட்டாதிருக்க விடும் இடைவெளியைக் கழித்தால், பெரிய கப்பல்கள் தம் கொள்ளளவில் சிறு பங்கையே ஏற்ற முடிந்தது. மேல்ரைன் கரையிலுள்ள லுட்விக்ஸ்ஹாஃபனில் பிஏஎஸ்எஃப் வேதிப்பொருள் ஆலை உற்பத்தியைக் குறைக்க நேர்ந்ததும் அந்த ஆண்டில்தான். நீர்மட்டத்துக்குப் பக்கத்திலேயே இந்த ஆழத்தையும் பெரிதாகக் காட்டினால் புதியவர்களுக்குப் பேருதவியாக இருக்கும்.

எல்விஸின் உண்மையான பயன் அதன் முன்கணிப்புகளில் இருக்கிறது. ராட்டர்டாமில் இன்று ஏற்றும் சரக்கு கவுப்பை எட்ட இரண்டு மூன்று நாள் ஆகும் என்பதால், அன்றைக்கு அங்கே இருக்கப்போகும் ஆழத்தை இன்றே அறிந்து ஏற்ற வேண்டியிருக்கிறது. நான்கு நாள் கணிப்பு அந்த வேலைக்கே உரியது. மத்திய நீரியல் நிறுவனம் தயாரிக்கும் பதினான்கு நாள் கணிப்பு ஒற்றை எண்ணைச் சொல்லாமல் நிகழ்தகவு வரம்பைத் தருகிறது. இதை நேர்மையான முறை என்றே சொல்வேன். குறைநீரைச் சமாளிக்க அரசும் தொழில்துறையும் 2019இல் ஏற்றுக்கொண்ட செயல்திட்டத்தைத் தொடர்ந்து, 2022இல் ஆறு வாரக் கணிப்பும் வந்தது. அது வாராந்தரச் சராசரிகளையே காட்டுகிறது; நாள் நகர நகர வரம்பும் அகன்றுவிடுகிறது. கிடங்கை முன்கூட்டியே நிரப்பவும் ரயில் பெட்டிகளைக் கேட்டு வைக்கவும் அது போதும். ஒரு கப்பலுக்கு எத்தனை டன் என்று தீர்மானிக்க மட்டும் நான்கு நாள் கணிப்பையே பார்க்க வேண்டும்.