மடிக்கணினிக்கு ஜிபிஎஸ்: வால் உள்ளதா, வால் இல்லாததா?

பினாங்கின் செபராங் பிறைத் தோட்டங்களில், செம்பனைக்கு நடுவே இன்னும் நிற்கிற முனீஸ்வரர், மாரியம்மன் கோயில்களை வரைபடத்தில் குறித்து வைக்கக் கிளம்பியிருக்கிறான் அக்காள் மகன். நான் கார் ஓட்ட, பக்கத்தில் அவன் மடியில் கணினி. கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளின் திரையில் நாங்கள் போகிற பாதை புள்ளியாக நகர வேண்டும். "மாமா, எந்த ஜிபிஎஸ் வாங்கட்டும்?" என்றான். என்னிடம் கிடந்த மூன்று வகையையும் எடுத்துக்கொண்டு ஒரு சுற்று போய் வந்தோம்.

முதலில், யூஎஸ்பி துளையில் நேரே செருகும் கட்டைவிரல் அளவு டாங்கிள். உள்ளே யூ-பிளாக்ஸ் 7 சில்லு. விலை குறைவு, பைக்குள் இருப்பதே தெரியாது. பினாங்குப் பாலத்தில் ஏறியதும் புலியாகப் பாய்ந்தது. அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. 13.5 கிலோமீட்டருக்கு மறைப்பே கிடையாது, அங்கே எந்தக் கருவியும் புலிதான். ஜார்ஜ்டவுனுக்குள் நுழைந்து கொம்தார் கோபுரத்தின் பக்கம் போனதும் புள்ளி கடைவீடுகளுக்குள் புகுந்து நடக்க ஆரம்பித்தது. உயரமான கட்டடத்தில் சிக்னல் மோதித் திரும்பி வந்தால் எல்லாக் கருவியும் தடுமாறும். ஆனால் டாங்கிளுக்கு வேறு பாவமும் உண்டு: அது உட்கார்ந்திருக்கிற இடம். செயற்கைக்கோள் இருப்பது 20,200 கிலோமீட்டர் உயரத்தில். அங்கிருந்து வருவது மிக மெல்லிய சிக்னல். அதை வாங்க வேண்டிய ஆன்டெனா தகரக் கூரைக்கு அடியில், கணினியின் மின் இரைச்சலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கண்ணாடியில் உலோகம் கலந்த டின்டட் ஒட்டியிருந்தால் இன்னும் மோசம். ஒரு யூஎஸ்பி நீட்டிப்பு வயர் போட்டு டேஷ்போர்டில் வைத்தோம், பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

இன்னொன்று: விண்டோஸ் 10 சில சமயம் இதை இருப்பிட உணரி என்று எடுத்துக்கொள்ளும். கியூஜிஐஎஸ் தேடுவதோ காம் போர்ட், அதாவது தரவு வரிசையாக வந்து சேரும் வாசல். டிவைஸ் மேனேஜரில் டிரைவரை யூஎஸ்பி சீரியல் என்று மாற்றினால்தான் கண்ணில் படும்.

இரண்டாவது, மவுஸ் போல வயருடன் வரும் குளோபல்சாட் பியு-353எஸ்4. காகிதத்தில் பார்த்தால் இது தோற்க வேண்டும். சர்ஃப் ஸ்டார் 4 என்ற பழைய சில்லு, ஜிபிஎஸ் மட்டும்தான் வாங்கும். டாங்கிளோ வேண்டுமானால் ரஷ்யாவின் குளோனாஸ் செயற்கைக்கோள்களுக்கும் மாறிக்கொள்ளும். ஆனால் இதன் அடியில் காந்தம் இருக்கிறது, ஒன்றரை மீட்டர் வால் இருக்கிறது. கார் கூரை மேல் வைத்தால் பச்சென்று ஒட்டிக்கொள்ளும், முழு வானமும் அதற்குத்தான். சாயங்கால மழைக்கும் அசரவில்லை. கணினியில் காம் போர்ட்டின் தரவு வேகத்தை 4800 என்று அமைக்க வேண்டும், இல்லையென்றால் திரையில் கிறுக்கல்தான் வரும். அதே கொம்தார் பக்கம் திரும்பப் போனோம். புள்ளி கொஞ்சம் அலைந்தது, ஆனால் சாலையை விட்டு இறங்கவில்லை.

புளூடூத் வகையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வயர் தொல்லை கிடையாது, அதற்குப் பதில் சார்ஜ் தொல்லை. கணினி இரண்டு காம் போர்ட் காட்டும், ஒன்றில்தான் தரவு வரும்; எது என்று தேடுவதற்குள் நிபோங் திபால் தாண்டிவிட்டோம்.

"கைப்பேசியே போதாதா மாமா?" நியாயமான கேள்வி. இப்போதைய நல்ல கைப்பேசிகள் பல எல்1, எல்5 என்று இரண்டு அலைவரிசை வாங்குகின்றன, இந்த மூன்றையும்விட மேல். செயலி வழியாக வைஃபையில் கணினிக்கும் அனுப்பலாம். ஆனால் நம்ம ஊர் மதிய வெயிலில் டேஷ்போர்டில் வைத்துப் பாருங்கள், சூடேறிச் சார்ஜ் ஏறுவதே நின்றுபோகும். நடந்து போய் ஒரு கோயிலைக் குறிக்கக் கைப்பேசி, நாள் முழுக்கக் காரில் சுற்றத் தனிக்கருவி என்று பிரித்துக்கொண்டோம்.

எதை வாங்கினாலும் கிளம்புவதற்கு முன்பே செருகி, திறந்த வெளியில் ஓரிரு நிமிடம் விட வேண்டும். ஒவ்வொரு செயற்கைக்கோளும் தன் பாதை விவரத்தை 30 விநாடிக்கு ஒருமுறைதான் சொல்லும், நடுவில் மரம் மறைத்தால் மறுபடி காத்திருக்க வேண்டியதுதான். ஈரச் செம்பனை மட்டைக்கு அடியில் எந்தச் சில்லும் திணறும், கோயில் முற்றத்துக்கு வந்து நின்று குறிப்பது நல்லது.

அவன் வால் உள்ளதைத்தான் வாங்கினான். கதவைச் சாத்தும்போது மட்டும் வயரைப் பார்த்துச் சாத்து என்று சொல்லியிருக்கிறேன்.